குடும்பத்தோடு உள்நாட்டு விமானப் பயணம்: டிக்கெட் போடுவது முதல் பெட்டி எடுப்பது வரை

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஆறு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண், பதினான்கு மாதக் கைக்குழந்தை. எகானமி வகுப்பு, ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். இந்த மூன்று மணி நேரத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. சிக்கல்கள் எல்லாம் அதற்கு முன்னால், தரையில்தான் வருகின்றன: டிக்கெட்டில் பெயர் மாறிப்போவது, பெட்டி நான்கு கிலோ கூடுவது, சோதனையில் ஊறுகாய் பாட்டில் மாட்டுவது, தாத்தாவுக்குச் சொல்லிவைத்த சக்கர நாற்காலி வராமல் விமானம் ஏறும் கேட் மூடுவது. இந்த ஆறு பேரை வைத்தே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். மதுரை, கோவை, திருச்சி என்று எங்கிருந்து கிளம்பினாலும் கணக்கு இதேதான்.

டிக்கெட் போடும்போது

முதலில் தலைகளை எண்ணுங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு இருக்கை கிடையாது, மடியில்தான். அதற்கு முழுக் கட்டணம் இல்லாமல் தனியாக ஒரு நிலையான தொகை வாங்குவார்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை, பெரும்பாலும் பெரியவர்களுக்கான அதே கட்டணம். ஆக நம் குடும்பத்துக்கு ஐந்து இருக்கை, ஒரு கைக்குழந்தை. இங்கே பலர் தவறவிடும் ஒன்று: வயதைப் பயணம் செய்யும் நாளில் பார்ப்பார்கள், டிக்கெட் போட்ட நாளில் அல்ல. போகும்போது 23 மாதம், திரும்பும்போது 24 மாதம் தாண்டிவிடும் என்றால், திரும்பும் பயணத்துக்குக் குழந்தைக்கு இருக்கையோடு டிக்கெட் வாங்க வேண்டும். இதை கவுண்டரில் கண்டுபிடித்தால் அன்றைய விலையில் வாங்க நேரும்.

விலை தேடும்போது முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள், பிறகு ஐந்து பேருக்கு. இரண்டிலும் ஒருவருக்கான விலை வேறாக வரலாம். விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவான அடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், ஐந்து பேரைச் சேர்த்துக் கேட்கும்போது ஐவருக்கும் அடுத்த அடுக்கின் விலையைக் காட்டிவிடும். அப்போது மூன்று, இரண்டு என்று பிரித்துப் போட்டால் காசு மிஞ்சும். ஆனால் கண்டபடி பிரிக்காதீர்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் (ஒன்றாகப் போட்ட டிக்கெட்டுகளுக்குத் தரும் ஒரே பதிவு எண்) வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. இந்தப் பாதுகாப்பு ஒரே பிஎன்ஆரில் இருந்தால்தான். அதனால் அப்பா, அம்மா, இரு குழந்தைகளும் ஒரு பிஎன்ஆர். தாத்தா, பாட்டி இன்னொன்று என்று பிரிப்பதே சரி. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் பிரிக்கவே வேண்டாம். விமானம் ரத்தானால் ஒரே பிஎன்ஆர் குடும்பத்தை ஒன்றாக வேறு விமானத்துக்கு மாற்றுவது சுலபம். இரண்டு பிஎன்ஆர் இரண்டு வெவ்வேறு விமானங்களுக்குப் போய்விடலாம்.

கண்ணில் படும் மலிவு விலையை அப்படியே நம்பாதீர்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் எக்ஸ்பிரஸ் லைட் போன்ற கட்டணங்களில் செக்-இன் பெட்டியே (கவுண்டரில் ஒப்படைத்து விமானத்தின் அடியில் போகும் பெட்டி) சேராது, கைப்பை மட்டும்தான். தனியாகப் போகிறவருக்கு அது லாபம், குடும்பத்துக்கு அப்படியில்லை. பெட்டி, இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பதோ இனிஷியலும் பெயரும். கடைசிப் பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் பல தளங்கள் ஏற்காது. இனிஷியலின் விரிவை, அதாவது தந்தை பெயரையோ கணவர் பெயரையோ, அடையாள அட்டையில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே அங்கே போடுங்கள். குழந்தைக்கு வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடவே கூடாது. பணம் கட்டும் முன் ஆறு ஆதார் அட்டைகளையும் மேசையில் பரப்பிவைத்து, ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அப்படியும் தவறினால் உடனே கவனித்துக் கூப்பிடுங்கள். பயணம் ஒரு வாரத்துக்கு அப்பால் இருந்தால், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்துவிட்டு வேறு போடும் வசதி உண்டு.

தொலைபேசி எண் கட்டத்தில் பயணம் செய்கிறவரின் எண் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்டால் அவர் தன் எண்ணைப் போட்டுவிடுவார், நேரம் மாறிய செய்தி அவருக்குப் போகும். தொடர்பு எண் சரியாகத் தராத பயணி, விமானம் ரத்தானால் இழப்பீடு கேட்கவும் முடியாது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

நேரத் தேர்வு: பொதுவாகக் காலை விமானம் நல்லது. முந்தைய சுற்றுகளின் தாமதம் மாலைக்குள் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கு இந்த விதி தலைகீழ். விடிகாலைப் பனிமூட்டத்தில் அங்கே வரிசையாகத் தாமதமாகும். அந்த மாதங்களில் மதியத்தை ஒட்டி இறங்கும் விமானமாகப் பாருங்கள். வழியில் மாறிச் செல்லும் பயணம் என்றால் இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதை விட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சக்கர நாற்காலியும் இருக்கையும்

தாத்தா வீட்டுக்குள் நன்றாக நடப்பார். விமான நிலையத்தில் நுழைவாயிலிலிருந்து கேட் வரை அரை கிலோமீட்டருக்கு மேலும் நடக்க வேண்டியிருக்கலாம். சக்கர நாற்காலிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவில் மூன்று வகை கேட்பார்கள்: தூரம் நடக்க முடியாதவர், படி ஏற இறங்க முடியாதவர், இருக்கை வரைக்கும் உதவி தேவைப்படுபவர். முட்டி வலிக்காரருக்கு இரண்டாவது வகையைச் சொல்லுங்கள். விமானம், கட்டடத்தோடு இணைக்கும் நடைபாலமான ஏரோபிரிட்ஜில் இல்லாமல் வெளியே தள்ளி நின்றால், பஸ்ஸில் போய்ப் படி ஏற வேண்டும். முதல் வகை என்று பதிந்திருந்தால் படியடியில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இரண்டாவது வகை என்றால் நாற்காலியோடு மேலே தூக்கும் வண்டியான ஆம்பிலிஃப்ட்டோ சரிவுப் பாதையோ ஏற்பாடு செய்வார்கள். சக்கர நாற்காலிப் பயணிகள் பெரும்பாலும் முதலில் ஏறுவார்கள், கடைசியில் இறங்குவார்கள். வரவேற்க வருகிறவரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

இருக்கைக்கு வருவோம். ஏ320 ரக விமானத்தில் நடைபாதைக்கு இருபுறமும் மூன்று மூன்று இருக்கை. அவசர வழிக்குப் பக்கத்து வரிசைகளில் கால் நீட்ட இடம் அதிகம் என்றாலும் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் யாரையும் அங்கே உட்கார விடமாட்டார்கள். பணம் கட்டித் தேர்ந்தெடுத்திருந்தாலும் மாற்றிவிடுவார்கள். பொதுவாக மூன்று இருக்கைக்கு நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். அதனால் ஒரு பக்கத்து மூன்று இருக்கையில் ஒரு கைக்குழந்தைதான். அக்கா தங்கை இருவரும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு போனால் ஒரே பக்கத்தில் சேர்ந்து உட்கார முடியாது, நடைபாதைக்கு இப்பால் ஒருவர், அப்பால் ஒருவர் என்று எடுங்கள்.

நம் ஆறு பேருக்கு நல்ல அமைப்பு: ஜன்னலில் சிறுமி, நடுவில் அப்பா, நடைபாதையோரம் கைக்குழந்தையோடு அம்மா, எதிர்ப்பக்கம் நடைபாதையோரம் பாட்டி, அவர் பக்கத்தில் தாத்தா. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு ஜன்னலைவிட நடைபாதையோரம் வசதி. எழுந்து நடக்கவும் டயபர் மாற்றவும் ஒவ்வொரு முறையும் இருவரைத் தாண்ட வேண்டியதில்லை. மூன்று மணிப் பயணத்துக்குப் தாத்தா, பாட்டி இருவருக்கும் மட்டும் பணம் கட்டி இருக்கை எடுத்தால் போதும் என்பது எங்கள் கருத்து. சிறுமியின் பக்கத்தில் பெற்றோரில் ஒருவருக்காவது எப்படியும் இடம் தந்தாக வேண்டும்.

தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் விமானம் சிறியது. இரண்டிரண்டு இருக்கை, தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடமும் குறைவு. சக்கரம் வைத்த கைப்பெட்டியை ஏறும் இடத்திலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். மருந்தும் பால்பாட்டிலும் அதற்குள் இருந்தால் சிரமம்.

எடைக் கணக்கு

பெரும்பாலான உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் ஒருவருக்கு 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. கைக்குழந்தைக்கு எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டில் பாருங்கள். ஐந்து இருக்கைக்கு 75 கிலோ. ஒரே பிஎன்ஆர் என்றால் பொதுவாக மொத்தமாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு பெட்டி 18, இன்னொன்று 12 என்றாலும் பிரச்சினை வராது. ஆனால் எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தூக்க மாட்டார்கள். சில நிறுவனங்கள் ஒருவருக்கு ஒரு பெட்டிதான் என்கின்றன. ஐந்து பேருக்கு எட்டுச் சின்னப் பைகள் என்று போகாதீர்கள், நான்கு நடுத்தரப் பெட்டிகளாக அடக்குங்கள்.

வீட்டிலேயே எடை போடுங்கள். கொக்கித் தராசு இல்லையென்றால் குளியலறைத் தராசு போதும்: பெட்டியோடு நின்று பார்த்து, உங்கள் எடையைக் கழியுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கிலோ குறைவாக வையுங்கள், வீட்டுத் தராசுக்கும் கவுண்டர் தராசுக்கும் அந்த அளவு வித்தியாசம் வரும். கூடுதல் எடை வேண்டும் என்று முன்பே தெரிந்தால் இணையத்தில் வாங்கிவிடுங்கள். கவுண்டரில் கிலோவுக்குப் பல நூறு ரூபாய் கேட்பார்கள், அது எப்போதும் முன்பதிவு விலையைவிட அதிகம். திரும்பி வரும்போதுதான் எடை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுக்குவதில் ஒரு முறை உண்டு, அதை எல்லோருக்கும் சொல்கிறோம். அப்பா பெட்டி, அம்மா பெட்டி என்று ஆளுக்கொன்றாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எல்லோருடைய துணியிலும் கொஞ்சம் கொஞ்சம் வையுங்கள். ஒரு பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் யாரும் மாற்றுத் துணி இல்லாமல் நிற்க வேண்டியிருக்காது. பெட்டிக்கு உள்ளேயும் பெயர், கைபேசி எண் எழுதிய தாள் ஒன்றை வையுங்கள், வெளிச்சீட்டு கிழிந்தால் உதவும். அட்டைப்பெட்டி கொண்டுபோனால் அகலமான டேப்பால் சுற்றுங்கள். தொங்கும் கயிறு கன்வேயர் பெல்ட்டில் மாட்டி அட்டை பிய்ந்துவிடும்.

எது கையில், எது பெட்டியில், எது வீட்டில்

பவர் பேங்க், உதிரி பேட்டரி, கேமரா பேட்டரி ஆகியவை கைப்பையில் மட்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறைக்குள் என்றால் ஊழியர்கள் அணைக்க முடியும், அடியில் பெட்டிக்குள் என்றால் யாரும் எட்ட முடியாது. அதுதான் காரணம். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் தடையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான், கவலை வேண்டாம். ஆனால் அதன் மேல் அச்சிட்ட அளவு அழிந்துபோயிருந்தால் சோதனையில் எடுத்துவைத்துவிடலாம். விமானத்துக்குள் அதில் போன் சார்ஜ் போடாதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

தேங்காய் பற்றிப் பலருக்குக் குழப்பம். கொப்பரை எண்ணெய் நிறைந்தது, தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. செக்-இன் பெட்டியில் கூடாது. முழுத் தேங்காயைக் கைப்பையில் விடுவதில்லை. சபரிமலை சீசனில் மட்டும் இருமுடிக்குள் இருக்கும் தேங்காயைச் சோதித்துவிட்டுக் கையில் கொண்டுபோக சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2024இல் தற்காலிக அனுமதி தந்தது. ஊரிலிருந்து பேரப்பிள்ளைக்குத் தேங்காய் கொண்டுபோக நினைக்கும் பாட்டியிடம், டெல்லியிலும் தேங்காய் கிடைக்கும் என்று சொல்லி விட்டுவிடச் சொல்லுங்கள்.

மிளகாய்ப்பொடி, சாம்பார்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், மிளகாயை ஆயுதமாகப் பார்க்கிறார்கள். ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் பாட்டிலில் மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, அதை இரண்டு உறைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். மேலே போகப்போக அழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரியும், அது எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். கருவாடு, பழுத்த பலா போல வாசனை வருபவற்றைக் கவுண்டரில் மறுக்கலாம்.

அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, காய் நறுக்கும் கத்தி, பெரிய கத்தரிக்கோல் செக்-இன்னில் போகலாம். தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம், மத்தாப்பு, பட்டாசு எதிலும் கூடாது. தீபாவளிக்குப் போகிறவர்கள் குழந்தையின் பையில் கம்பி மத்தாப்பு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதரச வெப்பமானியும் வேண்டாம், டிஜிட்டல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகை, பணம், வீட்டுச் சாவி, தாத்தாவின் மருந்துகள், மருந்துச் சீட்டு, லேப்டாப் எதையும் செக்-இன்னில் போடக் கூடாது. இன்சுலின் கட்டாயம் கையில், அடியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம்.

கைக்குழந்தையின் பையில்: பயணத்தின் மொத்த மணி நேரத்துக்கு, வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை, இரண்டு மணிக்கு ஒரு டயபர் வீதம், கூடவே இரண்டு உதிரி. மாற்றுடை இரண்டு செட் குழந்தைக்கு, மேலாடை ஒன்று அம்மாவுக்கு. அம்மாவின் துணியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், வாந்தி விழுவது அங்கேதான். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், அளந்து பிரித்துவைத்த பால்பவுடர், மெல்லிய போர்வை. குழந்தை உணவுக்கும் வெந்நீருக்கும் சோதனையில் அனுமதி உண்டு, அதைத் தனியே எடுத்துக் காட்டுங்கள். மற்றபடி பெரிய பாட்டிலில் திரவம் எதுவும் கையில் வேண்டாம். அங்கே நிற்கும் காவலரின் முடிவுதான் கடைசி.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தி ஆகியவை நல்ல தேர்வு. சாம்பார், ரசம் வேண்டாம். எவர்சில்வர் தூக்கில் கட்டாதீர்கள். கனமான எவர்சில்வருக்குள் இருப்பது எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். வாழையிலையில் மடித்துக் காகிதம் சுற்றினால் சோதனையும் சுலபம், சாப்பிட்டபின் சுமையும் இல்லை.

முந்தின நாள்

பல நிறுவனங்களில் வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே வருகையை உறுதிசெய்து இருக்கை பெறுவது, 48 மணி நேரம் முன்பே திறக்கும். திறந்த உடனே செய்துவிடுங்கள், சேர்ந்த இருக்கைகள் அப்போதுதான் மிச்சமிருக்கும். பணம் கட்ட விருப்பமில்லையென்றால் இருக்கைப் படம் வரும்போது பதறாதீர்கள், தேர்வு செய்யாமல் கடந்துபோகும் வழி பக்கத்தின் அடியில் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் சில சமயம் வெப் செக்-இன் நடக்காது, கவுண்டரில்தான் தருவார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பெரியவர் ஒவ்வொருவருக்கும் படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டை: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் எதுவானாலும் சரி. எம்-ஆதார் செயலியில் காட்டினாலும் ஏற்பார்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஆதார் படம் செல்லாது. தாத்தாவின் அட்டை ஊரில் பீரோவுக்குள் இருந்து, படம் மட்டும் போனில் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தைக்கு வயதுச் சான்று தேவை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை இவற்றில் ஒன்று. கர்ப்பிணிகள் 32 வாரம் வரை சாதாரணமாகப் போகலாம், அதன் பிறகு மருத்துவரின் தகுதிச் சான்று கேட்பார்கள், 36 வாரம் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள்.

டிஜியாத்ரா முகம் காட்டி நுழையும் வசதி. அதற்கு ஒவ்வொருவரும் தன் ஆதாரைத் தன் போனில் பதிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பதிந்திருந்தால் அவர் ஒரு வாசலில், மற்றவர்கள் வேறு வாசலில் என்று பிரிந்துபோவீர்கள். குழந்தையும் முதியவரும் கூட இருக்கும்போது எல்லோரும் சாதாரண வரிசையிலேயே போவது மேல்.

டிக்கெட்டில் முனைய (டெர்மினல்) எண்ணைப் பாருங்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என்று இரண்டு. டெல்லியில் டி1 தனியாக இருக்கிறது, டி3இலிருந்து பல கிலோமீட்டர் சாலைவழி போக வேண்டும். மும்பையிலும் அப்படியே. நிறுவனங்கள் முனையம் மாறுவதுண்டு, போன வருடம் ஏறிய இடத்தை நம்பி டாக்சிக்காரரிடம் சொல்லாதீர்கள்.

விமான நிலையத்தில்

காலை 10:00 மணி விமானம் என்றால் நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்.

9:35 — கேட் மூடும். பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்.
9:15 — எல்லோரும் கேட்டில், கழிவறை வேலை முடிந்து.
9:00 — செக்-இன் கவுண்டர் மூடும், அதாவது 60 நிமிடம் முன். ஒரு நிமிடம் தாண்டினாலும் பெட்டி வாங்க மாட்டார்கள்.
8:30 — பாதுகாப்புச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.
7:15 — வாசலில் இறங்க வேண்டும்.

தனி ஆளுக்கு எட்டு மணி போதும். நம் ஆறு பேருக்கு ஏழேகால். நடையில் மெதுவானவர் யாரோ அவரை வைத்துத்தான் நேரம் போட வேண்டும், சக்கர நாற்காலி வந்துசேரவே இருபது நிமிடம் ஆகலாம். ஆறு பேரும் நான்கு பெட்டியும் ஒரு இன்னோவாவில் அடங்காது, இரண்டு கார் சொல்லுங்கள். பெட்டி குறைவென்றால் சென்னையில் மெட்ரோ விமான நிலையம் வரை வருகிறது.

வாசலில் ஒருவர் எல்லோருடைய அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு முன்னே நிற்கட்டும். கவுண்டரில் முதலில் சக்கர நாற்காலியைக் கேளுங்கள், அப்புறம் பெட்டி. பெட்டி போட்டதும் தரும் ஒட்டுச்சீட்டுகளை எண்ணுங்கள், நான்கு பெட்டிக்கு நான்கு சீட்டு. அவற்றில் டெல்லி என்பதன் குறியீடான டிஇஎல் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் தள்ளுவண்டியை கேட் வரை கொண்டுபோக முடியுமா என்று கேட்டு, அதற்கும் சீட்டு ஒட்டி வாங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனைதான் குடும்பம் சிதறும் இடம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரை மறைத்த தனிச் சோதனையறை. பைகளோ ஒரே பெல்ட்டில் போகும். யோசிக்காமல் போனால் அப்பாவும் அம்மாவும் இருபுறமும் சோதனையில் நிற்க, பைகள் மறுபக்கத்தில் கேட்பாரற்றுக் குவியும், சிறுமி நடுவில் விழிப்பாள். இப்படிச் செய்யுங்கள்: அப்பா முதலில், வெறுங்கையோடு, பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுக் கடந்து மறுபக்கம் நிற்கட்டும். பிறகு பாட்டி டிரேக்களைப் பெல்ட்டில் விடட்டும், லேப்டாப், டேப்லெட், பவர் பேங்க், போன், பெல்ட் எல்லாம் வெளியே எடுத்து. அம்மா கைக்குழந்தையோடும் சிறுமியோடும் சோதனையறைக்குள் போகட்டும். குழந்தையைக் கட்டும் கேரியரைக் கழற்றச் சொல்வார்கள், முன்பே கழற்றி டிரேயில் போட்டுவிடுங்கள். தாலிச் சரடு, கொலுசு, குழந்தையின் வெள்ளி அரைஞாண் எல்லாம் கருவியைக் கூவ வைக்கும். பயப்பட வேண்டாம், தாலியைக் கழற்றத் தேவையில்லை, கையால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். மறுபக்கம் போனதும் டிரேக்களை எண்ணுங்கள். அங்கே மறந்துபோவது பெரும்பாலும் பெல்ட்டும் போனும்.

பல நிலையங்களில் இப்போது ஏறும் அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. கேட் எண் மாறினாலும் திரையில்தான் தெரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கேட்டுக்குப் பக்கத்துக் கழிவறையில் கடைசியாக ஒருமுறை டயபர் மாற்றிவிடுங்கள், விமானத்தின் கழிவறைப் பலகை ஒரு முழம் அகலம்தான். கைக்குழந்தைக்காரர்களை முன்னால் ஏற விடுவார்கள். சக்தி பொங்கும் ஏழு வயதுக்காரியை அப்பா கடைசியில் அழைத்து வரலாம், இருக்கையில் கட்டிப்போடும் நேரம் குறையும்.

பறக்கும்போது

கைக்குழந்தைக்குத் தனியாக ஒரு வளைய பெல்ட் தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள். அது அம்மாவின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டுவது. அம்மாவின் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போடக் கூடாது. விமானம் குலுங்கினால் அம்மாவின் எடை முழுவதும் குழந்தையின் வயிற்றில் அழுந்தும்.

காது வலி. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுகிறது, அதாவது ஏறக்குறைய ஊட்டி உயரம். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும், வலி குறைவு. இறங்கும்போது வெளியழுத்தம் கூட, செவிப்பறை உள்ளே இழுபடும். விழுங்கினால்தான் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலான குழாய் திறக்கும். எனவே ஏறும்போதே பாலை முழுக்கக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். தரையிறங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு, சத்தம் மாறி விமானம் சாயத் தொடங்கும்போது, தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். தூங்கும் குழந்தை குறைவாகத்தான் விழுங்கும், அந்த நேரத்தில் எழுப்பிவிடுவது நல்லது. பெரிய பெண்ணுக்குச் சப்ப மிட்டாய். மூக்கடைப்பு இருந்தால் வலி கடுமையாகும், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு உப்புநீர்ச் சொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காற்றழுத்தம்தான் முறுக்குப் பாக்கெட்டைப் பலூன்போல உப்ப வைக்கிறது. ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டிலை மேலே போனபின் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். முதலில் மூடியைத் திருகிக் காற்றை விட்டுவிட்டு, அப்புறம் ஸ்ட்ராவைத் தூக்குங்கள். பால்பாட்டிலுக்கும் இப்படியே.

தாத்தா, பாட்டியை மணிக்கொரு முறை எழுந்து நான்கடி நடக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன் போய்விட வேண்டும், வண்டி நடைபாதையில் நின்றால் அரை மணிக்கு வழி இல்லை.

தாமதமானால், ரத்தானால்

கேட்டுப் பெற வேண்டியவை இவை, பலர் கேட்பதே இல்லை. பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். சென்னை–டெல்லி போன்ற, இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையான பயணத்துக்கு அந்த வரம்பு மூன்று மணி. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களுடையது. தாமதம் 24 மணியைத் தாண்டினாலோ, இரவு எட்டு முதல் அதிகாலை மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதமானாலோ தங்குமிடம்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடு உண்டு: ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. வானிலை, பாதுகாப்புக் காரணம் போல நிறுவனத்தின் கையில் இல்லாதவற்றுக்கு இழப்பீடு கிடையாது, பணம் திரும்பும். நீங்களே டிக்கெட்டை ரத்து செய்தாலும், அது பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். ஐந்து டிக்கெட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அரசின் புகார்த் தளமான ஏர்சேவாவில் பிஎன்ஆரோடு புகார் பதியுங்கள்.

இறங்கிய பின்

தள்ளுவண்டி விமான வாசலில் வருமா, பெல்ட்டில் வருமா என்று இறங்கும்போதே பணிப்பெண்ணிடம் கேளுங்கள். பெல்ட் அருகே ஒருவர் மட்டும் நின்றால் போதும், குழந்தைகளை அங்கே விடாதீர்கள், பெல்ட்டின் இடுக்கில் விரல் மாட்டும். ஒரே மாதிரிப் பெட்டிகள் நிறைய வரும், தூக்கியதும் ஒட்டுச்சீட்டு எண்ணைக் கையிலிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

பெட்டி வரவில்லை, அல்லது சக்கரம் உடைந்து வந்தது என்றால் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே போகும் முன் நிறுவனத்தின் மேசையில் சொல்லி, எழுத்துப்பூர்வமான அறிக்கையின் நகல் வாங்குங்கள். வெளியே போய்விட்டால் பெட்டி எங்கே உடைந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஒட்டுச்சீட்டுகளை வீட்டில் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை எறியாதீர்கள், உள்ளே சேதம் தெரிந்தால் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர்களைக் கைப்பையின் மேலேயே வைத்திருங்கள். தாத்தாவும் கைக்குழந்தையும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே போட்டுக்கொள்ளட்டும். காருக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் டெல்லிக் குளிர் நெஞ்சில் இறங்கிவிடும்.